முள்ளம்பேத்தைக்குப் பல் தேய்த்துவிட்ட தம்பி

பல் செட் கட்டுவது என் தொழில். அயனாவரத்தில் 18 வருடமாக ஒரு சின்ன லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பல் எதில் இடிக்கும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டு ஹாலில் ஒரு மீன், பல் நீண்டு எதையும் கடிக்க முடியாமல் ஒன்பது நாள் பட்டினி கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

அந்த மீனுக்குப் பல் தேய்க்க வீட்டுக்கே வந்த ஒரு தம்பியைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். கொளத்தூரில் கடல் மீன் விற்கும் கடைகள் நாலைந்தில் விசாரித்தால் யாராவது ஒருவர் நம்பர் தருவார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முள்ளம்பேத்தை. காசிமேட்டில் வலையில் மாட்டினால் தூக்கிப் போட்டுவிடுவார்களே, உடம்பெல்லாம் முள்ளோடு பந்து மாதிரி உப்பிக்கொள்ளுமே, அதே ஜாதிதான். 2024 பிப்ரவரியில் வாங்கும்போது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. இப்போது ஏழு அங்குலம். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி, கணக்குப்படி சுமார் 450 லிட்டர். இந்த ஜாதி ஒரு அடியைத் தாண்டும் என்பதால் அதுவும் ஒருநாள் போதாமல் போகும். அந்தக் கவலை தனி.

வீட்டில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. நாங்கள் ஹாலுக்குள் வந்தாலே கண்ணாடியோரம் வந்து, வாயால் தண்ணீரை மேலே பீய்ச்சி, "என்ன இன்னும் ஒன்றும் வரவில்லை" என்கிற மாதிரி பார்க்கும். பெரிய உருண்டைக் கண். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஒரு நாளைக்கு மூன்று முறை போட்டிருக்கிறோம். என்ன போட்டோம் என்பதில்தான் வினை.

விற்ற கடைக்காரர் சொன்னது இது: "உரிச்ச இறால் போடுங்க சார், ஓடு இருந்தா தொண்டையில சிக்கிக்கும்." நானும் 15 மாதம் அப்படியே செய்தேன். தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து, விரல் நகம் அளவுக்கு நறுக்கி. எங்கள் வீட்டு மனிதர்களுக்கே அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை.

2025 மே கடைசியில் மாப்பிள்ளை சாப்பாட்டைத் துப்ப ஆரம்பித்தது. ஆர்வமாக வரும், கவ்வும், இரண்டு முறை மெல்லும், இறால் துண்டு பக்கவாட்டில் நழுவி மணலில் விழும். திரும்ப வரும், திரும்ப நழுவும். நாலாவது நாள் முயற்சி செய்வதையே குறைத்துக்கொண்டது. வயிறு உள்வாங்கி, மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பதறிப்போய்க் கடைக்குப் போன் போட்டேன். வெண்புள்ளி நோய் என்றார்கள். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லையே என்றால், "உள்ளுக்குள்ள இருக்கும் சார்." ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார்கள்.

செம்பு கலந்த மருந்து. கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளிக்குச் செம்பு சரியான மருந்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மீன் இருக்கும் தொட்டியில் அப்படியே ஊற்றக் கூடாது. தனித் தொட்டியில் வைத்து, அளவைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்க வேண்டும். பேத்தை ஜாதிக்கு மற்ற மீன்களைப் போலச் செதில் கிடையாது, மருந்து சட்டென்று ஏறும். முதுகெலும்பில்லாத எதற்கும் செம்பு விஷம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று பாதி அளவுதான் ஊற்றினேன். மறுநாள் காலையில், தொட்டியில் கூட இருந்த ஆறு சங்கு நண்டும் ஓட்டை விட்டு வெளியே கிடந்தன. மாப்பிள்ளை மூலையில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 40 சதவீதத் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கரி போட்டு, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இன்னொரு கடைக்காரர், "பல்லப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு இந்தத் தம்பியின் நம்பரைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு வருகிறேன் என்றார். வந்தது 1.40க்கு. நடுவில் மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. மதிப்பெண் குறைக்க எனக்குள்ள முதல் காரணம் இது. மீன் சாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த இரண்டு மணி நாற்பது நிமிடம் சாதாரணமில்லை. வந்ததும் ஒரு சாரி, ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான்.

வந்தவர் உடனே மீனைப் பிடித்துவிடவில்லை. சோபாவில் உட்கார்ந்து இருபது நிமிடம் சும்மா பார்த்தார். நான் நம்பிக்கை இழக்க ஆரம்பித்த நேரத்தில் கேள்விகளை எடுத்துவிட்டார். எப்போதிலிருந்து, என்ன சாப்பாடு, கழிவு என்ன நிறம், வெள்ளையாக நூல் மாதிரி தொங்குகிறதா, பாறையில் உடம்பைத் தேய்க்கிறதா, மூச்சு வேகமா. அப்புறம் தண்ணீரைச் சோதித்தார். உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.024. அமோனியா, நைட்ரைட் இல்லை. கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் மட்டும் 60க்குப் பக்கம். அதற்கு ஒரு பார்வை. "ஒரு நாளைக்கு எத்தன வாட்டி போடறீங்க?" என்றார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக ஒரு இறாலை இடுக்கியில் பிடித்துக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை தள்ளாடி வந்து கவ்வியது. நழுவியது.

"பசி இருக்குண்ணா. வந்து கேக்குது. குடல்ல புழு இருந்தா நல்லா சாப்பிட்டும் இளைக்கும், இல்ல சாப்பாட்டுப் பக்கமே வராது. இது ரெண்டும் இல்ல. இங்க வாங்க, முன்னாடி இருந்து பாருங்க."

செல்போன் வெளிச்சத்தை நேராக அடித்தார். நான் குனிந்து பார்த்தேன். மேல் அலகு, கீழ் அலகின் மேல் ஒரு கூரை மாதிரி இறங்கியிருந்தது. எங்கள் லேப் பாஷையில் சொன்னால் முழு ஓவர்பைட். இரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் நிற்க இடமே இல்லை. கீழுதட்டில் உள்பக்கம் சிவந்து ஒரு புண். எந்தப் பயிற்சி மாணவன் இந்த அச்சைக் கொண்டுவந்தாலும் திட்டி அனுப்பியிருப்பேன்.

அவர் சொல்லிக்கொண்டே போனார், நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். பேத்தைகளுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். கடலில் சங்கு, நண்டு, மட்டி, கடல் முள்ளெலி என்று ஓடுள்ளதையே உடைத்துத் தின்பதால் வளர வளரத் தேயும். சாதாரணப் பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு பல்; நடுவில் பிளவு தெரியும். முள்ளம்பேத்தைக்கு அந்தப் பிளவும் இல்லை, மேலே ஒரே தட்டு, கீழே ஒரே தட்டு. அறிவியல் பெயரான டயோடான் என்பதற்கே 'இரண்டு பல்' என்றுதான் அர்த்தம். அலகுக்குப் பின்னால் அண்ணத்தில் அடுக்கடுக்காக அரைக்கும் தட்டு வேறு உண்டு. ஓடு உடைப்பதற்கென்றே செய்த இயந்திரம். அதற்கு நான் 15 மாதம் உரித்த இறால் ஊட்டியிருக்கிறேன். கரும்பாலையில் வாழைப்பழம் போட்ட மாதிரி.

பையிலிருந்து ஒரு நகவெட்டி மாதிரியான கத்தரியை எடுத்தார். சின்னப் பேத்தைகளுக்கு அது போதுமாம். இதற்கு வேண்டாம், ஒரே தட்டாக இருப்பதால் அழுத்தினால் விரிசல் விடும் என்று திரும்ப வைத்தார். பேட்டரியில் ஓடும் சின்ன ராவும் கருவி ஒன்றும் வைத்திருந்தார். அதன் முனையைத் தொட்டுப் பார்த்தேன். மரவேலைக்கான சொரசொரப்பு. "தம்பி, பத்து நிமிஷம் இரு" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய் பல் ராவும் என் சார்ஜ் ஹேண்ட்பீஸையும், அதன் முனையில் மாட்டும் மெல்லிய வைர பர் இரண்டும் கொண்டுவந்தேன். தண்ணீர் வேலை என்பதால் வயர் போட்ட மைக்ரோமோட்டர் பக்கமே போகவில்லை. இரண்டாவது காரணம் இது: இந்தத் தொழில் செய்பவர் நல்ல பர் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது. அடுத்த வீட்டில் இருக்குமா?

மயக்கம் கொடுக்கக் கிராம்பு எண்ணெய். அவர் பாட்டிலைத் திறந்ததும் ஹால் முழுக்க என் லேப் வாசனை. பல்வலிக்கு ஆத்தா வைத்த கிராம்பும், டாக்டர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் மாவில் கலக்கும் யூஜினாலும் இதே சரக்குதான். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு சேர்த்துப் பால் நிறம் வரும்வரை குலுக்கினார். பத்து லிட்டர் தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை வலையில் பிடிக்கவில்லை. முள் வலையில் மாட்டும், வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும், உள்ளே போன காற்று வெளியே வராமல் மிதந்தே செத்த மீன்களைப் பார்த்திருக்கிறேன் என்றார். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, தண்ணீரோடு சேர்த்து மொண்டார். (அது எங்கள் வீட்டு இட்லி மாவு டப்பா. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.)

பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு முறை ஊற்றுவது, பார்ப்பது, அடுத்தது. மூன்றாவது முறையில் மாப்பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தது. செவுள் அசைவு நின்றுவிட்டதோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. "எண்ணுங்கண்ணா" என்றார். எண்ணினேன். மெதுவாகத்தான், ஆனால் அசைந்துகொண்டிருந்தது. அது நின்றால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும், அதற்காக இரண்டாவது வாளி பக்கத்தில் தயார். ஈரத் துண்டில் அடிவயிற்றைத் தாங்கி, செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்க, வாய் மட்டும் மேலே வரும்படி அவர் பிடித்துக்கொண்டார்.

பர்ரை நான்தான் பிடித்தேன். அவரே "நீங்க பண்ணுங்க, கை பழகின கை" என்றார்.

இத்தனை வருடத்தில் அக்ரிலிக், பீங்கான், உலோகம் எல்லாம் தேய்த்திருக்கிறேன். கை நடுங்கியது இதுதான் முதல் தடவை. குறைந்த வேகம், ஐந்து நொடி தொடுவது, தண்ணீரில் நனைப்பது, மறுபடி தொடுவது. எலும்பைச் சுட்ட மாதிரி லேசான வாசனை. உதடு உள்ளே வராமல் அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் காம்பால் தள்ளிப் பிடித்திருந்தார். மேல் தட்டில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் எடுத்தோம். "இன்னும் கொஞ்சம் எடுத்தா அழகா இருக்கும்" என்று தொழில் புத்தியில் சொன்னேன். "அழகு வேணாம்ணா, உள்ள ரத்தம் இருக்கு. மீதிய அதுவே தேய்ச்சுக்கும்" என்று நிறுத்திவிட்டார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நல்ல தண்ணீர் வாளியில் விட்டதும் குமிழிக்கு எதிரே வாயை வைத்துப் பிடித்தார். ஆறாவது நிமிடத்தில் ஒரு கண் சுழன்றது. பத்தாவது நிமிடத்தில் நிமிர்ந்து, கோபமாகப் பாதி உப்பி, தண்ணீரைத் துப்பியது. என் பெண் கைதட்டினாள்.

அன்று எதுவும் போடக் கூடாது என்றார். மறுநாள் மாலை ஓட்டை லேசாகப் பிளந்த ஒரு மட்டி. உள்ளிருந்த சதையை உறிஞ்சி இழுத்தது, நழுவவில்லை. நாலாவது நாள் நண்டுக் கால். ஹாலுக்கு மறுபக்கம் சமையலறையில் இருந்த மனைவிக்கே 'கடக்' என்று கேட்டது.

இனி சாப்பாட்டு விஷயம். 1,800 ரூபாய் கொடுத்ததில் பாதி இதற்கே தகும். போகுமுன் அவர் என் லேப் பில்லின் பின்பக்கம் எழுதிவைத்ததை அப்படியே பின்பற்றுகிறேன். வாரத்தில் மூன்று நாள்தான் சாப்பாடு. வளர்ந்த மீனுக்கு அது போதும். கெஞ்சுவது அதன் குணம், பசி அல்ல. தினமும் மூன்று வேளை போட்டால் ஈரலில் கொழுப்பு ஏறும், தண்ணீரில் நைட்ரேட் ஏறும். இறால் போடலாம், தலையோடும் ஓட்டோடும். நண்டு என்றால் கால், கொடுக்கு. மட்டி ஓட்டோடு. கணவாய் எப்போதாவது, அதில் கடிக்க ஒன்றுமில்லை. எதுவாக இருந்தாலும் சில நாள் ஃப்ரீசரில் கிடந்த பிறகு போட்டால் ஒட்டுண்ணி பயம் குறையும். வெந்நீர் காட்டாதீர்கள், பச்சையாகவே.

இறாலிலும் மட்டியிலும் சில வகைகளில் தயாமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினை உடைத்துவிடும், ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது என்றும் சொன்னார். ஒரே சாப்பாட்டை மாதக்கணக்கில் போட்டால் பல் மட்டுமல்ல, நரம்பும் கெடும். அதற்காகத்தான் மாற்றி மாற்றிப் போடுவதும், வாரம் ஒருமுறை மீன் வைட்டமின் சொட்டில் கால் மணி நேரம் ஊறவைப்பதும். 15 மாதம் இறால் தவிர எதையும் காட்டாத எனக்கு இது பல்லைவிடப் பெரிய அதிர்ச்சி. நன்னீர் மீன் கடையில் விற்கும் கப்பி, தங்கமீன் குஞ்சுகளை உயிரோடு விடுவதையும் திட்டவட்டமாக வேண்டாம் என்றார். அதை நாங்கள் செய்ததில்லை, நல்லவேளை.

மட்டி எங்கே வாங்குவது என்று கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் விடியலில் போனால் சில நாள் கிடைக்கும், பழவேற்காட்டிலிருந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள் என்றார். எண்ணூர் கழிமுகத்துச் சரக்கு வேண்டாமாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய இடம். அதற்கு முன்பே நிலக்கரிச் சாம்பல் கலந்த தண்ணீர். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, அந்தத் தண்ணீரில் உள்ளது அதன் சதையில் இருக்கும். மீனுக்கு மட்டும்தான் இந்த எச்சரிக்கையா என்று என் மனைவி கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மோரைக் குடித்தார்.

நடுவில் மாமனார் வந்து, "இவ்வளவு செலவு பண்றதுக்குக் குழம்பு வெச்சிருக்கலாமே" என்றார். வைக்கக் கூடாது. பேத்தைகளின் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் இருக்கலாம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. மீனவர்கள் தூக்கிப் போடுவது சும்மா இல்லை.

இந்தச் சேவையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தாமதம், பர், மாவு டப்பா சொல்லிவிட்டேன். ரசீது கிடையாது. ஹாலில் கிராம்பு வாசனை போக இரண்டு நாள் ஆனது. மீன் மயங்கிக் கிடக்கும்போது செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார், நான் முறைத்ததும் வைத்துவிட்டார். அவர் மீன்வளம் படித்தவர், கால்நடை மருத்துவர் அல்ல. அதை முதல் போனிலேயே அவராகச் சொன்னார். வீக்கம், கட்டி என்றால் தொடமாட்டாராம், டாக்டரிடம் அனுப்பிவிடுவாராம். இது எனக்குப் பிடித்தது. வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாமா என்றால், வேண்டாம். தொழிலே பல்லாக இருந்த எனக்கே செவுளைப் பார்க்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

நவம்பரில் மறுபடி சந்தேகம் வந்தது. ஒரு நாள் நண்டுக் காலைத் துப்பிவிட்டது. பழைய பயம். போன் போட்டேன், இந்த முறை இரண்டாவது ரிங்கில் எடுத்தார். வீடியோ அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "பல்லு சூப்பரா இருக்குண்ணா. அந்தக் கால் பெருசு, நடுவுல ஒடச்சுப் போடுங்க. நான் வர வேணாம்" என்றார். வந்திருந்தால் இன்னொரு 1,800 ரூபாய் பேசாமல் கொடுத்திருப்பேன்.

ஐந்துக்கு நாலு. அந்த ஒரு நட்சத்திரத்தை 11 மணிக்கு வருகிறேன் என்றால் 11 மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். கூப்பிடுவதற்கு முன் ஒரு வாளி, ஒரு காற்று மோட்டார், ஒரு பழைய துண்டு எடுத்து வையுங்கள். மாவு டப்பாவை ஒளித்து வையுங்கள்.